‘ஓல்டு’ என்னும் பெயரடை: நாவலூர்ப் பாடமும் மறுப்பும்

சென்னையை அடுத்த நாவலூரில் எவரிடமும் ஓ.எம்.ஆர். சாலை எங்கே என்று கேட்டால் எதிரே கை காட்டுவார். அதில் ‘ஓ’வுக்கு என்ன பொருள் என்று கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார். ‘ஓ’ என்பது ‘ஓல்டு’. ஆங்கிலப் பெயரடை. பொருள், பழைய. இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை என்பதால் விரிவாக ஆராய்வோம்.

இதன் இந்தோ-ஐரோப்பிய வேர் ‘அல்’. வளர்தல் என்று பொருள். உயரத்தைக் குறிக்கும் லத்தீன் ‘ஆல்டஸ்’ஸும் இவ்வேரில் முளைத்ததே. ஏகாட்டூரில் அடுக்குமாடிகள் எழுந்தது இவ்வேரின் வலிமையால்தான் என்பது சொற்பிறப்பியலார் முடிபு. சிமெண்ட்டையும் வீட்டுக் கடனையும் அவர்கள் சான்றாக ஏற்பதில்லை.

இனிச் சிக்கல். ‘ஓல்டு மகாபலிபுரம் ரோடு’ என்ற தொடரில் பெயரடை எதைத் தழுவுகிறது? சாலையை என்பர் ஒரு சாரார். கடலோரமாகக் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்ததும், தம்பி பிறந்ததால் அண்ணனான பிள்ளைபோல இது ‘ஓல்டு’ ஆயிற்று என்பது அவர்கள் வாதம். அது உண்மையும்கூட; ஆகவே ஆய்வுலகில் எடுபடவில்லை. ஊரைத் தழுவுகிறது என்பர் மற்றொரு சாரார். அப்படியானால் புது மகாபலிபுரம் எங்கே என்று கேட்டால், கள ஆய்வு நடக்கிறது என்பர். ஊர்ப்பெயரைத் தழுவுகிறது என்பாரும் உளர். அரசு ஏட்டில் ஊர் மாமல்லபுரம். எனவே மகாபலிபுரம் ‘பழைய பெயர்’. மாமல்லன் என்பதோ ஏழாம் நூற்றாண்டுப் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மனின் பட்டம். சோழர் கல்வெட்டிலும் மாமல்லபுரமே. இரண்டில் இளைய பெயரைப் பழையது என்ற இக்கொள்கை மூன்று கருத்தரங்குகளுக்குத் தாங்கும்.

‘பழைய என்பது விலைக்கு ஆகாது’ என்மனார் புரோக்கர். அதனால்தான் மனை விளம்பரங்களில் பெயரடை ‘ஓ’வாகச் சுருங்கியது. கேளம்பாக்கம் டீக்கடை பெஞ்சு உரை, மேல்பலகை, இடது ஓரம், இதை வழிமொழிகிறது. அவ்வுரை சென்ற மழையில் அழிந்தது.

ராஜீவ் காந்தி சாலை என்ற இச்சாலையின் அதிகாரப்பூர்வப் பெயரில் பெயரடை இல்லை. ஆராய்ச்சியும் இல்லை.

பெயரடையை நம்பி வயதைக் கணிப்பவர் பாரிசுக்குப் போகக் கூடாது. ‘புதுப் பாலம்’ என்று பொருள்படும் அங்குள்ள பான் நெஃப் 1607இல் முடிந்தது. இன்று நிற்கும் பாரிஸ் பாலங்களில் அதுவே மூத்தது.

சிறுசேரி சிப்காட்டுக்கான மெட்ரோ பாதை இச்சாலை வழியே அமைகிறது. நாளை யாரேனும் ‘ஓல்டு ஓ.எம்.ஆர்.’ என்றால் பெயரடை இரட்டிக்கும். அதற்கான முனைவர் பட்டத் தலைப்பை இப்போதே பதிவுசெய்துகொள்வது நல்லது. நெறியாளர்கள் தயார், கருதுகோள் பின்னால் வரும்.