தற்புகழ்ச்சி இலக்கணமும் தாம்பரத்து டெவலப்பரும்

தாம்பரம் சானடோரியத்தில் 1984இல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் முதல் சிறுசேரி சிப்காட் வரை, சென்னைப் புறநகர் நேர்காணல் அறைகளில் ஒரு கேள்வி தவறாமல் வந்து விழும்: "நீங்க பண்ணினதுலயே ரொம்பப் பெருமைப்படுற வேலை எது?" அதுவரை ஜாவாவில் மளமளவென்று பதில் சொன்னவர் தண்ணீர் பாட்டிலைத் தேடுவார். "டீமா சேர்ந்துதான் சார் பண்ணினோம்" என்பார். ஆங்கிலம் போதாமைதான் காரணம் என்பது பரவலான கொள்கை. இக்கட்டுரை அதை மறுக்கிறது. போதாதது இலக்கணம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், புதிய நூலே படைத்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்கிறது. நம்மவர் அதைப் படிக்காமலே கடைப்பிடிக்கிறார். அடுத்த சூத்திரமே நான்கு இடங்களில் விலக்கு அளிப்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றல் அறியாதவர் நடுவில், சபையில் வாதிட்டு வெல்லும்போது, எதிராளி பழிக்கும்போது: இவையே அந்நான்கு. ரெஸ்யூமே ஓலை, டெக்னிக்கல் பேனல் சபை. ஆற்றல் அறியாதவரைத் தேடி எச்.ஆர். அறையைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. "எம் த்ரீ கணக்குல ஏன் அரியர்?" என்பது ஐயமற்ற பழிப்பு. புலவருக்கு எப்போதாவது ஒன்று வாய்க்கும். டெவலப்பருக்கு நான்கும் ஒரே முற்பகலில் வாய்க்கின்றன.

விலக்கு புலவருக்கு மட்டும்தானே என்பர். யாரும் விரும்பிப் படிக்காததைப் பக்கம் பக்கமாக எழுதுவதும், சக ஆசிரியர் எழுதியதில் குற்றம் காண்பதும் புலமையின் அடையாளம் என்றால், டெவலப்பர் புலவரே. கோடு கிளையன்டின் சொத்து, உழைப்பு டீமுடையது என்ற மறுப்புக்கு எடை அதிகம். ஆனால் நன்னூலே சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுச் செய்து கொடுத்த கிளையன்ட் ப்ராஜெக்ட்தான். தொல்காப்பியம் என்னும் பழைய கோடின் மேல் எழுந்ததுதான். அதனால் பவணந்தியின் பெயர் மறைந்துவிடவில்லை. சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டிய எட்டில் முதலாவது ஆக்கியோன் பெயர். வழி, எல்லை, பயன் எல்லாம் பிறகு. டெவலப்பரும் இப்படிச் சொல்லலாம்: "பழைய சிஸ்டத்துல சம்பளப் பட்டியல் விடிய விடிய ஓடிச்சு. நான் ஒரு இண்டெக்ஸ் போட்டேன். இப்போ நிமிஷத்துல முடியுது. அக்கவுண்ட்ஸ்காரங்க நேரத்தோட வீட்டுக்குப் போறாங்க." தாம்பரத்தில் ரயிலேறி சானடோரியத்தில் இறங்குவதற்குள் சொல்லி முடிக்கலாம், பெயர், வழி, எல்லை, பயன் என்ற நான்கு உறுப்பும் அதில் இருக்கின்றன. வழக்கமான பதிலிலோ வங்கித் துறையின் வரலாறு வருகிறது (மற்றொன்று விரித்தல்), அல்லது மைக்ரோசர்வீஸில் கம்பீரமாகத் தொடங்கி "டெஸ்டிங்கும் கொஞ்சம் பார்த்தேன்" என்று அடங்குகிறது (சென்று தேய்ந்திறுதல்).

அடுத்து எச்.ஆர். கேட்கப்போவது பலவீனம் பற்றி. அதற்கும் நூற்குற்றம் பத்தைப் பவணந்தியார் பட்டியலிட்டுத் தந்திருக்கிறார். அவற்றில் மேலே அடைப்புக்குறியில் கண்ட இரண்டும் செலவாகிவிட்டதால், மீதி எட்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.