மதிலில் இருந்து பார்த்த மாநகர வரலாறு

யாழ்ப்பாணத்து வரலாற்றை எழுதினவர்கள் நல்லூரில் தொடங்குவார்கள், இல்லாவிட்டால் கோட்டையில் தொடங்குவார்கள். நான் மத்திய கல்லூரி மைதானத்து மதிலில் தொடங்குகிறேன். ஆராய்ச்சிக் காரணம் ஒன்றும் இல்லை. ரிக்கெற் எடுக்கக் காசில்லாத பெடியளுக்கு அந்த மதில்தான் கலரி. கச்சான் சரையை மடியில் வைத்துக்கொண்டு ஏறிக் குந்தினால் முன்னுக்கு மட்ச் தெரியும். கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் மாநகர சபை கட்டினது, கட்டுவதாகச் சொன்னது, கட்டி எரிந்துபோனது, கட்டிப் பூட்டிவைத்தது எல்லாம் தெரியும். நூலகம், மணிக்கூட்டுக் கோபுரம், துரையப்பா விளையாட்டரங்கு, நகர மண்டபம் இருந்த இடம், இப்போது கலாசார மையமும். ஊரின் அரசியல் முழுக்க ஒரு சைக்கிள் மிதியில் முடிந்துவிடும்.

முதலில் மிஷனரிமாரின் கதை. மெதடிஸ்தர்கள் 1816இல் வந்து ஒரு பள்ளிக்கூடம் வைத்தார்கள். அதுதான் பிறகு மத்திய கல்லூரி, எங்களுக்கு சென்ற்றல். அங்கிலிக்கன்காரர் 1823இல் நல்லூரில் ஒன்று தொடங்கிப் பிறகு சுண்டுக்குளிக்குப் போனார்கள். அது பரியோவான் கல்லூரி, எங்களுக்கு சென். ஜோன்ஸ். இரண்டு பகுதியும் கடல் கடந்து வந்தது எங்கள் ஆன்மாவை இரட்சிக்க. நாங்கள் ஆங்கிலத்தை எடுத்துக்கொண்டோம், கிளாக்கர் வேலையை எடுத்துக்கொண்டோம், கிரிக்கெட்டை எடுத்துக்கொண்டோம், ஆன்மாவைப் பழையபடி கந்தசாமியாரிடமே விட்டுவைத்தோம். ஆறுமுக நாவலரே மெதடிஸ்தரின் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே படிப்பித்து, பேர்சிவல் பாதிரியாருக்கு பைபிளைத் தமிழாக்கிக் கொடுத்துவிட்டு, வெளியே வந்து சைவத்தைக் காப்பாற்றினவர். அவரை எங்கட ஓல்ட் போய் என்று சென்ற்றல்காரர் இன்றும் சொந்தம் கொண்டாடுவார்கள். நாவலர் 1879இல் காலமானார். முதலாவது மட்ச் 1904இல்தான் நடந்தது. இருந்திருந்தால் அம்பயருக்கு எதிராக ஒரு கண்டனப் பிரசுரமாவது கிடைத்திருக்கும்.

1904இல் இரண்டு பாதிரிப் பள்ளிக்கூடங்கள் மட்டையும் பந்துமாக மோதின. அதற்கு வடக்கின் பெரும் போர் என்று பெயர். உண்மையான போர் எப்படி இருக்கும் என்று தெரியாத காலத்தில் வைத்த பெயர். பிறகு தெரிந்தும் ஒருவரும் மாற்றவில்லை. இதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. சென். பற்றிக்ஸும் யாழ்ப்பாணக் கல்லூரியும் பொன் அணிகளின் போர் நடத்தினார்கள். இந்துக் கல்லூரிகள் இந்துக்களின் போர் நடத்தின. மார்ச் மாதத்து யாழ்ப்பாணப் பத்திரிகையை வெளியூர்க்காரன் யாராவது வாசித்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவான்.

எங்கள் வீட்டில் ஐயா சென். ஜோன்ஸ், மாமா சென்ற்றல். வருஷம் முழுக்க ஒரே தட்டில் சாப்பிடுகிற இரண்டு பேரும் பெரும் போர் நடக்கிற மூன்று நாளும் அம்மா மூலமாகத்தான் கதைப்பார்கள். “உன்ர புருசனிட்டச் சொல்லு, அது எல்.பி. இல்லை.” “உன்ர தம்பியிட்டச் சொல்லு, கண்ணாடியை மாத்தச் சொல்லி.” அம்மாவுக்கு எல்.பி. என்றால் என்னவென்று கடைசிவரை தெரியாது. ஆனால் ஊரில் நடுநிலையாக இருந்த ஒரே மனுசி அவதான். என்னை இரண்டிலும் சேர்க்காமல் மூன்றாவது பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் அவதான். வீட்டில் சமாதானம் வேண்டுமாம். அதனால்தான் எனக்கு மதில் வாய்த்தது.

இனி மாநகர சபை. எங்கள் நகரத்தின் பொதுப்பணிச் சரித்திரம் மணிக்கூட்டுக் கோபுரத்தில் தொடங்குகிறது. 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்தார். அந்த வருகையின் ஞாபகமாக யாழ்ப்பாணத்தில் ஒரு கோபுரம் கட்ட முடிவெடுத்து, 1882இல் கட்டி முடித்தார்கள். இளவரசர் போய் ஏழு வருஷம். ‘கெதியாச் செய்யிறம்’ என்ற வசனம் அன்றைக்குத்தான் ஊருக்குள் வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

1949இல் மாநகர சபை ஆனோம். மேயர், அங்கி, சங்கிலி எல்லாம் வந்தன. அந்தச் சங்கிலிக்கு அல்பிரட் துரையப்பாவைப் போலப் பொருந்தினவர் வேறு ஆளில்லை என்று ஐயா சொல்லுவார். ஐயா துரையப்பாவுக்கு வாக்குப் போடாதவர் என்பதையும் சொல்லவேண்டும். 1959இல் நூலகத்தைத் திறந்துவைத்தவர் துரையப்பா. அடுத்த வருஷமே சுயேச்சையாக நின்று ஜீ.ஜீ. பொன்னம்பலத்தைத் தோற்கடித்துப் பாராளுமன்றம் போனார். ஜீ.ஜீ. எப்படிப்பட்ட வக்கீல் என்று ஊருக்குத் தெரியும். குறுக்குக் கேள்வியில் கல்லும் உண்மை சொல்லும் என்பார்கள். அவரை முதலாவது பந்திலேயே போல்ட் ஆக்கின மாதிரி. 1965இல் ஜீ.ஜீ. திருப்பி அடித்தார். 1970இல் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஓட, நடுவால் தமிழரசுக் கட்சியின் சி.எக்ஸ். மாட்டின் வந்து வென்றார். துரையப்பா தோற்றது 56 வாக்கால். கிரிக்கெட் தெரிந்த ஊர் இதற்குச் சொன்ன பெயர் ரன் அவுட். வென்ற மாட்டினும் பிறகு கட்சி சொன்னதைக் கேட்காமல் அரசியலமைப்புச் சபைக்குப் போய்க் கட்சிக்கு வெளியே நின்றார். ஓட்டமும் இல்லை, விக்கெட்டும் இல்லை, பந்து மட்டும் தொலைந்தது.

தேர்தல் வருகிற வருஷத்தில் பெரும் போருக்கு மவுசு இரட்டிப்பு. வட்டாரத்தில் கேட்கிற ஒருத்தர், பெயர் வேண்டாம், இரண்டாம் நாள் தேநீர் இடைவேளைக்குச் சரியாக வருவார். வெள்ளை வேட்டி, தோளில் சால்வை, கையில் கச்சான் சரை. முதலில் சென். ஜோன்ஸ் கொட்டிலுக்குப் போவார். சிவப்புக் கறுப்புக் கொடியைப் பிடித்து இரண்டு தரம் ஆட்டுவார். “அம்மா வழியில எல்லாரும் ஜொனியன்ஸ்தான்” என்பார். அரை மணித்தியாலம் கழித்து மைதானத்தைச் சுற்றி மற்றக் கொட்டிலுக்குப் போவார். “ஐயா வழியில எல்லாரும் சென்ற்றல்தான்” என்பார். ஒரு வருஷம் மதிலில் இருந்த ஒரு பெடியன் கேட்டுவிட்டான்: “அண்ணை, நீங்கள் எதில படிச்சனீங்கள்?” அவர் மேலே பார்த்தார். கச்சான் சரையை அப்படியே பெடியனின் கையில் கொடுத்தார். “தம்பி, வாக்கு இருக்கோ உனக்கு?” இல்லை என்றதும் சரையில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். அவர் வென்றாரா என்று கேட்காதீர்கள். இரண்டு கொட்டிலும் அவருக்குப் போடவில்லை.

இந்த இடத்தில் சிரிப்பைக் கொஞ்சம் நிறுத்தத்தான் வேண்டும். 1975 ஜூலையில் துரையப்பாவைப் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் சுட்டார்கள். 1981இல் அவர் திறந்துவைத்த நூலகத்தை எரித்தார்கள், 97,000 புத்தகம். 1985 ஜூனில் சென். ஜோன்ஸ் அதிபர் சி.ஈ. ஆனந்தராஜனைச் சுட்டார்கள். பெடியளை இராணுவத்தோடு கிரிக்கெட் விளையாட விட்டது அவர் செய்த குற்றமாம். அன்றைக்கு இரவு மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஐயாவோடு நேரடியாகக் கதைத்தார். அம்மா இடையில் இல்லை.

1998இல் பல வருஷத்துக்குப் பிறகு மாநகர சபைத் தேர்தல் வைத்தார்கள். சரோஜினி யோகேஸ்வரன் மேயரானார். மே மாதம் கொன்றார்கள். பொன். சிவபாலன் வந்தார், செப்டெம்பரில் குண்டு வைத்தார்கள். மேயர் கதிரையில் குந்த ஆள் தேடின காலம் அது.

ஆனால் மட்சைப் பாருங்கள். 2024இல் 117ஆவது என்று பனர் கட்டினார்கள். 1904இலிருந்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நூற்றிருபத்தொரு மார்ச் மாதத்தில் தவறினது நாலே நாலு என்று கணக்கு வருகிறது. அதில் ஒன்று கொரோனாவின் தலையில். இரண்டு உலகப் போர், எங்கட சொந்தப் போர், இந்திய அமைதிப்படை, இடப்பெயர்வு, பொருளாதாரத் தடை. பற்றரி இல்லாமல், மண்ணெண்ணெய் இல்லாமல், சவர்க்காரம் இல்லாமல் இருந்த ஊரில் பந்து எங்கே இருந்து வந்தது என்று இன்றுவரை ஒரு ஓல்ட் போயும் வாய் திறக்கவில்லை. இதே ஊரில் மாநகர சபைத் தேர்தலுக்கு இந்த ஒழுங்கு வாய்க்கவில்லை.

நூலகத்தின் இரண்டாவது திறப்பு தனிப் பகிடி. கட்டடத்தைப் புதுப்பித்துவிட்டு 2003 பெப்ரவரியில் விழா வைக்கப் போனார்கள். விழா வேண்டாம் என்று மேலிடம் சொன்னது. மேலிடம் எது என்று கேட்கிற வழக்கம் அந்தக் காலத்தில் இல்லை. மாநகர சபைக்காரர் கூண்டோடு ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். பிறகு ஒருநாள் வாசலில் பார்த்தால் நூலகம் திறந்து கிடக்குது. யார் திறந்தது? நாடாவும் இல்லை, குத்துவிளக்கும் இல்லை. குத்துவிளக்கு ஏற்றாமல் யாழ்ப்பாணத்தில் திறந்த ஒரே கட்டடம் அதுவாகத்தான் இருக்கும். பத்திரிகை வாசிக்கப் போன பென்சன்காரர்தான் பிரதம விருந்தினர்.

துரையப்பா அரங்குக்கு அந்தக் குறை இல்லை. இந்தியக் காசில் திருத்தி 2016 ஜூனில் திறந்தபோது, ஜனாதிபதி சிறிசேன மேடையில் நின்றார், மோடி டில்லியில் திரையில் நின்றார். மேயரைத் தேடாதீர்கள், அந்த வருஷம் ஊரில் மேயரே இல்லை.

2018இல் வந்த சபைதான் என் வாழ்நாளில் பார்த்த நல்ல விறுவிறுப்பான ஆட்டம். 45 பேர். தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 16, தமிழ்க் காங்கிரசுக்கு 13, ஈ.பி.டி.பி.க்கு 10, மிச்சம் சில்லறை. இமானுவேல் ஆர்னோல்ட் மேயர். 2020 டிசம்பரில் அவருடைய பாதீடு இரண்டு தரம் தோற்றது. இடையில் காங்கிரஸ் தன்னுடைய ஆளான மணிவண்ணனைக் கட்சியிலிருந்து நீக்கியிருந்தது. அந்தக் கட்சியின் தலைவர் ஜீ.ஜீ.யின் பேரன் என்பதை இடையில் ஞாபகப்படுத்துகிறேன். எங்கட ஊரில் இன்னிங்ஸ் தலைமுறைக் கணக்கில் போகும். நீக்கப்பட்ட மணிவண்ணன் 21க்கு 20 என்று ஒரு வாக்கால் மேயரானார். கடைசி ஓவர், கடைசிப் பந்து, ஒரு ஓட்டம். நான் ரேடியோவைப் பிடித்துக்கொண்டு ஐயாவின் படத்தைப் பார்த்தேன். இருந்திருந்தால் அம்பயரைத் திட்டியிருப்பார்.

புது மேயர் 2021 ஏப்ரலில் ரோட்டில் குப்பை போடுகிறவனையும் வெற்றிலை துப்புகிறவனையும் பிடிக்க ஐந்து பேரை விட்டார். அவர்களுக்கு நீலச் சட்டை. அந்த நீலம் புலிகளின் பொலிஸ் போட்ட நீலமாம். பயங்கரவாத விசாரணைப் பிரிவு வந்து மேயரையே கொண்டுபோனது. கொழும்பு மாநகர சபைக்காரரும் இதே நிறந்தானே போடுகிறார்கள் என்றார் அவர். அன்றிரவே பிணை. ஒரு துணிக்கடையில் நிறம் தெரிவு செய்வதற்கு முன் சட்ட ஆலோசனை எடுக்கவேண்டிய உலகத்தின் ஒரே மாநகரம் எங்களுடையது. வெற்றிலை துப்பினவன் மட்டும் தப்பிவிட்டான். அவன் இன்றும் சத்திரச் சந்தியில் துப்பிக்கொண்டு நிற்கிறான்.

பிறகு பாதீட்டுப் பிரச்சினையில் மணிவண்ணன் விலக, திரும்பவும் ஆர்னோல்ட் வந்தார். முதல் இன்னிங்ஸில் அவுட் ஆனவர் இரண்டாம் இன்னிங்ஸில் வருவது கிரிக்கெட்டிலும் நியாயந்தான்.

இதற்கிடையில் மைதானத்துக்குப் பக்கத்தில் இந்தியா கலாசார மையம் கட்டித் தந்தது. பெரிய கட்டடம், 600 பேர் இருக்கிற அரங்கு. 2022இல் காணொளியில் ஒரு தரம் திறந்தார்கள், 2023இல் நேரில் வந்து இன்னொரு தரம் கையளித்தார்கள். 2025 ஜனவரியில் திருவள்ளுவர் கலாசார மையம் என்று பெயர் மாற்றினார்கள். யாழ்ப்பாணம் எங்கே போச்சு என்று ஊர் கொதித்தது. ‘யாழ்ப்பாணம் திருவள்ளுவர் கலாசார மையம்’ ஆக்கினார்கள். வள்ளுவர் 1330 குறளிலும் எங்கட ஊரைச் சொல்லவில்லை. ஆனால் இப்போது ஊர்ப் பெயரோடுதான் நிற்கிறார். மாநகர சபை மட்டும் சொந்தக் கட்டடம் இல்லாமல் நல்லூரில் குந்தியிருந்தது. போரில் இடிந்த நகர மண்டபத்துக்குப் பதிலாக 2019இல் அடிக்கல் நட்டார்கள். அடிக்கல் நடுவதில் எங்களை அடிக்க ஆளில்லை.

சென்ற்றல் மைதானம் அடிக்கல் கேட்கவில்லை, பெயர் மாற்றமும் கேட்கவில்லை. அங்கே லெக் ஸ்பின் போட்டுப் பழகின விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரீமியர் லீக்கில் முதல் விக்கெட்டாக அஞ்சலோ மத்தியூஸை எடுத்தான். 2024இல் ஐ.பி.எல்.லில் ஹைதராபாத்துக்குப் போட்டான். மாமா உயிரோடு இருந்திருந்தால் ஐயாவின் படத்துக்கு முன்னால் போய் நின்று ஒரு வசனம் சொல்லியிருப்பார். அதுவும் அம்மா மூலமாகத்தான்.

மார்ச் மாதத்தில் யாழ்ப்பாணம் வந்தால் மூன்று நாளும் மைதானத்துக்கு வாருங்கள். ரொறன்ரோவில் இருந்து வந்த ஓல்ட் போய் உங்களுக்கு றோல்ஸ் வாங்கித் தருவார். எந்தப் பக்கம் என்று கேட்டால் வாயில் போட்டு மென்றுகொண்டே தலையாட்டுங்கள், போதும். ரிக்கெற் எடுத்துக்கொண்டே உள்ளே போங்கள். மதிலில் ஏறவேண்டாம், அங்கே இடமில்லை.