புகைக்குத்தான் மவுசு

திட்டக்குடி நகராட்சியானாலும் சென்னை மாநகராட்சியானாலும், கொசு ஒழிப்பு என்றால் நம் கண் தேடுவது புகை வண்டியைத்தான். அந்திப் புகை, அப்போது பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தொட்டித் தண்ணீரில் நெளியும் புழு ஒரு வாரத்தில் இறக்கை முளைத்து அந்தக் குறையைத் தீர்த்துவைக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ பெரும்பாலும் பகலில் கடிப்பது. நகராட்சியின் நேர அட்டவணையை அது படிப்பதில்லை.

புகையாவது அடிக்கிறார்களே என்பீர்கள். நோய் பரவும்போது அதற்கும் பயன் உண்டு. ஆனால் நோயை வராமல் தடுப்பது, வீடு வீடாகத் தொட்டியை எட்டிப் பார்த்து, புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றும் தினக்கூலிப் பணியாளர்தான். என் வீட்டுத் தொட்டி, என் உரிமை என்பவர்களுக்கு ஒரு தகவல்: கொசு வளரும்படி தண்ணீரைத் தேக்கக் கூடாது என்று 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டமே சொல்கிறது. சட்டத்துக்கு வயது எண்பதுக்கு மேல். புழுவுக்கு ஒரு வாரம். இளமைதான் ஜெயிக்கிறது.