மியூட்டில் இருக்கிறார் நூலகர்

ஊருக்கு ஒருவராவது இப்படி இருப்பார். நாம் பார்க்கப்போகிறவர் திருப்பூர்ப் பக்கம் ஒரு கிளை நூலகர். பெயர் வேண்டாம், சான்றிதழ்ச் செம்மல் என்றாலே துறையில் பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள், மீதிப் பேர் தங்களைத்தான் சொல்கிறோமோ என்று முறைப்பார்கள்.

இணையவழிக் கருத்தரங்குச் சான்றிதழ் சேர்க்கும் பழக்கம் இவருக்கு 2020 ஊரடங்கில் பிடித்தது. நூலகங்கள் பூட்டிக் கிடந்த மாதங்களில் கல்லூரிகள் போட்டி போட்டுக்கொண்டு இணையவழிக் கருத்தரங்குகள் நடத்தின. கட்டணம் இல்லை, சான்றிதழ் உண்டு. ஊருக்கு அந்தக் காய்ச்சல் எப்போதோ விட்டுவிட்டது. இவருக்கு விடவில்லை. 'மாறிவரும் சமூகமும் நூலகச் சேவையும்' என்று எந்த வாட்ஸ்அப் குழுவில் லிங்க் வந்தாலும் பதிவு செய்துவிடுவார். ஒரே ஒரு கட்டுப்பாடு: வெள்ளிக்கிழமை என்றால் மாட்டார். அன்று நூலகத்துக்கு விடுமுறை. வேலை நேரத்தில் கற்க வேண்டியதை விடுமுறையில் கற்றால் குடும்பம் என்னாவது?

பத்து மணிக் கருத்தரங்குக்கு ஒன்பதரைக்கே ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சாட்டில் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் போட்டுவிடுவார். பத்து மணிக்கு யாரோ ஒருவர், "நான் பேசறது கேக்குதா?" என்பார். கேட்கிறது என்று எண்பது பேர் எழுதுவார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து விட்டுவிட்டு வரும். வரவேற்புரையாளர், சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தியதாகவே ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுவார். விருந்தினரும் பழக்கதோஷத்தில் தோளைச் சரிசெய்துகொள்வார். அதற்குள் இலவச ஜூமின் 40 நிமிடம் தீர்ந்து அத்தனை பேரும் வெளியே விழுவார்கள். திரும்பி வந்தால் வரவேற்புரை மறுபடியும் முதலிலிருந்து.

அடுத்து ரங்கநாதன். சீர்காழியில் பிறந்து, 1931இல் நூலகத்துக்கான ஐந்து விதிகளை நூலாக வெளியிட்ட அந்த மனிதரை விட்டால் பேச்சாளர்களுக்கு நாதியில்லை. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது விதி. அந்த ஒரு விதியை மட்டும் ஒரு பேராசிரியர் முக்கால் மணி நேரம் விளக்கியதை நம்மவர் இன்றும் வியந்து சொல்வார். அதே 1931இல் மன்னார்குடிப் பக்கம் புத்தகங்களை மாட்டுவண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்களே, அந்த வண்டியும் தவறாமல் ஏதாவதொரு ஸ்லைடில் வந்து நிற்கும். மாடுகளுக்குச் சான்றிதழ் எதுவும் வழங்கியதாகத் தகவல் இல்லை.

நூலகம் ஒரு வளரும் உயிரி என்பது ஐந்தாவது விதி. நம்மவர் நூலகத்தில் வளர்வது சான்றிதழ்க் கோப்புதான். பீரோ நிறைந்து, இப்போது அகராதிகளை ஒரு தட்டு கீழே இறக்கிவிட்டது.

மாறிவரும் சமூகம் எங்கே போயிற்று? மேசைக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறது. "ஏனுங்க சார், பேப்பர் வந்துருச்சுங்களா?" என்கிறார் ஒரு பெரியவர். செம்மல் ஹெட்போனைத் தொட்டுக் காட்டி, கண்ணாலேயே பொறுக்கச் சொல்கிறார். குரூப் 4க்குப் படிக்கிற பெண்களுக்குக் கழிவறைச் சாவி வேண்டும், பையன்களுக்குப் பிளக் பாயிண்ட் வேண்டும். ஓர் ஆத்தா முதியோர் உதவித்தொகைப் படிவத்தை எழுதித் தர ஆள் தேடுகிறார். இவர்கள் எல்லாரும் ஸ்லைடில் வந்தால் கட்டாயம் குறிப்பெடுத்துக்கொள்வார். கெட்ட மனிதர் இல்லை. சாவியை நீட்டத்தான் செய்வார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பாதி நேரம் அது பீரோ சாவியாக இருக்கும்.

ஒருநாள் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பீகார்ப் பையன் ஒருவன் வந்து, "சார், ஹிந்தி பேப்பர் இருக்கா?" என்று கேட்டான். சரியாக அந்நேரம் பேச்சாளர், புலம்பெயர் தொழிலாளர்களை நூலகத்துக்கு ஈர்ப்பது எப்படி என்று ஆரம்பித்திருந்தார். செம்மலுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "இருங்க தம்பி, உங்களுக்காகத்தான் பேசிட்டிருக்காங்க" என்று அவனை நிறுத்திவைத்துவிட்டுக் கேள்வி கேட்கப் போனார். மைக் திறக்கவில்லை. பையனே எட்டி ஒரு தட்டு தட்டித் திறந்துவிட்டான்.

"ஐயா, எங்க ஊர்ல வடநாட்டுப் பசங்க நெறையப் பேர் இருக்காங்க. அவுங்களுக்கு நூலகம் என்னங்க செய்யலாம்?"

"மிக அருமையான கேள்வி. நிறைவாக விவாதிப்போம்" என்றார் பேச்சாளர்.

நிறைவாக நன்றியுரைதான் வந்தது. இணைய இணைப்பு தந்த நிறுவனம் முதல் மின்வாரியம் வரை நன்றி சொல்லி முடித்தார்கள். பையன் அதுவரை நின்றுகொண்டே இருந்தான், இவர் கணினியில் தனக்கான பேப்பரைத்தான் தேடுகிறார் என்ற நம்பிக்கையில்.

பின்னூட்டப் படிவம் வந்தது. பத்து நிமிடத்தில் மூடிவிடுவார்களாம். அரக்கப்பரக்கத் தன்னுடையதை நிரப்பியவருக்கு, பையனை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. அவனுக்கும் ஒன்று நிரப்பினார். பதவி என்ற கட்டத்தில் பேராசிரியர், நூலகர், ஆய்வு மாணவர் என மூன்றே தெரிவுகள் இருந்தன. வயதைப் பார்த்து ஆய்வு மாணவர் ஆக்கினார். சாயங்காலம் பையனின் போனுக்கு மூன்று கையெழுத்தும் தங்க நிறக் கரையுமாகச் சான்றிதழ் வந்து சேர்ந்தது.

மறுநாள் அவன் அறைக்கூட்டாளிகள் நான்கு பேரையும் அழைத்துக்கொண்டு வந்து நின்றான். பேப்பரைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆளுக்கொரு போனை நீட்டினார்கள்.

"புதன்கிழமை பத்து மணிக்கு ஒண்ணு இருக்குது தம்பி" என்றார் செம்மல். "ஒன்பதரைக்கே வந்துருங்க."