பணியாரக் குழியில் யார்க்‌ஷயர் புட்டிங்: பண்ணைக்காட்டு ஏட்டை முன்வைத்து ஒரு நுண்ணாய்வு

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் வழியில் பிரிந்து போனால், காப்பித் தோட்டத்துக்கும் மலைவாழைக்கும் நடுவே பண்ணைக்காடு. இவ்வூர் அடுப்படி ஒன்றில் மைதா, முட்டை, பால், உப்பு நான்கையும் நீர்க்கக் கரைத்துப் பணியாரக் கல்லில் ஊற்றுகிறார்கள். வீட்டார் இதை ‘தொரைப் பணியாரம்’ என்கிறார்கள். அறிவுலகம் இதுவரை கண்டுகொள்ளவில்லை. அறிவுலகம் கண்டுகொள்ளாத பொருளே ஆய்வுக்கு உகந்தது; மறுக்க ஆள் இருக்காது.

இயல் ஒன்று: தோற்றம். இங்கிலாந்தில் கம்பியில் சுழலும் இறைச்சிக்கு அடியில் இதே மாவை ஊற்றிய சட்டியை வைத்து, சொட்டும் கொழுப்பில் வேகவிட்டார்கள். 1737-இல் அச்சான ஒரு நூலில் இது ‘டிரிப்பிங் புட்டிங்’. 1747-இல் ஹன்னா கிளாஸ் தம் சமையல் நூலில் இதற்கு யார்க்‌ஷயரின் பெயரைச் சூட்டினார். ஆனால் தம் பெயரைச் சூட்டவில்லை. ‘ஒரு பெண்மணி எழுதியது’ என்றே போட்டார். நூல் நன்றாக விற்றதும், அதை எழுதியவர் டாக்டர் ஜான் ஹில் என்னும் ஆண்தான் என்று லண்டனில் பேச்சு எழுந்தது. உண்மையில் அது கிளாஸின் நூல்தான் என்பது 1938-இல்தான் உறுதியாயிற்று. சமைத்தவர் யார் என்று தீர்மானிக்க ஆய்வாளருக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு போதுமானதாக இருந்திருக்கிறது.

இயல் இரண்டு: மலையேற்றம். கொடைக்கானலில் 1845-இல் முதல் பங்களாக்களைக் கட்டியவர்கள் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள். அமெரிக்காவிலும் இதே மாவு உண்டு, ‘பாப்ஓவர்’ என்ற பெயரில். எனவே தொரைப் பணியாரத்தின் தொரை ஆங்கிலேயரா அமெரிக்கரா என்ற கேள்வி எழுகிறது. ஆங்கிலக் கட்சியினர், 1863-இல் கொடைக்கானல் ஏரியை உருவாக்கிய கலெக்டர் வியர் லெவிஞ்சைக் காட்டுவர். ஏரிக்கும் புட்டிங்குக்கும் என்ன தொடர்பு? இரண்டுக்கும் நடுவில் பள்ளம் இருக்கிறது. மேலும், கொடைக்கானல் கிளப் தொடங்கியது 1887, உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததும் 1887. இதைத் தற்செயல் என்பவர் ஆய்வு நெறி அறியாதவர். பங்களா சமையலறையிலிருந்து இந்த மாவு பண்ணைக்காட்டுக்கு இறங்கியதற்கு நேரடிச் சான்று ஒன்றும் இல்லை. ஆகவே ஐயத்துக்கு இடமில்லை.

இயல் மூன்று: மாவுக்குள் சாசேஜைப் புதைத்துச் சுடும் ‘டோட் இன் த ஹோல்’, அதாவது ‘குழிக்குள் தேரை’. இதில் தேரை இல்லை. இயல் முற்றிற்று.

இயல் நான்கு: உப்பல். இட்லி மாவு பொங்குவது புளிப்பால். இது பொங்குவது ஆவியால். சோடா மாவும் ஈஸ்ட்டும் கிடையாது. புகையும் எண்ணெயில் குளிர்ந்த மாவு விழுந்ததும் உள்ளிருக்கும் நீர் சட்டென்று ஆவியாகி விரிகிறது. முட்டையும் மைதாவின் பசைத்தன்மையும் அந்த ஆவியைப் பிடித்துவைத்து இறுகுகின்றன. 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்; பண்ணைக்காடு அதற்குக் கீழே, ஆகவே கொதிநிலை கொஞ்சம் கூடும். மார்கழிக் குளிரில் இட்லி மாவு புளிக்காமல் மூன்றாம் நாளும் முறைத்துக்கொண்டிருக்கும் மலையில், புளிக்கவே தேவையில்லாத மாவு ஒன்று வந்து சேர்ந்ததுதான் இதில் உண்மையாகவே வியக்கத்தக்க செய்தி. ஆனால் அதை எழுதினால் ஒரு பத்தியில் முடிந்துவிடும் என்பதால் எந்த ஆய்வேடும் அதைத் தொடாது.

இயல் ஐந்து: முட்டைச் சிக்கல். இதுவே இவ்வாய்வின் உயிர்நாடி. மேற்படி வீட்டில் செய்முறை ஒரு பழைய பேரேட்டின் பின்பக்கத்தில், காப்பிக் கொட்டைக் கணக்குக்கு நடுவே எழுதப்பட்டுள்ளது. இனி இதை ‘அப்பத்தா பாடம்’ என்போம். அதில் ‘முட்டை’ என்ற சொல் தெளிவாக இருக்கிறது. எண் இருக்க வேண்டிய இடத்தை இராமபாணப் பூச்சி தின்றுவிட்டது.

‘பெரியம்மா உரை’ (நாட்காட்டித் தாளில் பென்சிலால் எழுதியது, கடுகு சிதறிய பிரதி) மூன்று என்கிறது. ‘சின்ன அத்தை மறுப்புரை’ நான்கு என்று சாதிக்கிறது: ஓட்டையின் அகலத்தில் மூன்று அடங்காது, பூச்சி வீணாகத் தின்னாது. ‘மறுப்புரைக்கு மறுப்பு’, கல்யாண வீட்டுப் பந்தியில் வாய்மொழியாக வெளியிடப்பட்டு, சாட்சிகளோடு பாதியில் கைவிடப்பட்டது. ‘புதுமருமகள் விளக்கவுரை’, கைப்பேசிக் குரல்பதிவு, குக்கர் விசில் குறுக்கிடும் பகுதி, எண்ணே தேவையில்லை, அளவு போதும் என்கிறது: முட்டையை உடைத்து டம்ளரில் ஊற்று, அது எந்த மட்டத்துக்கு நிற்கிறதோ அதே மட்டத்துக்குப் பால், அதே மட்டத்துக்கு மைதா, கட்டியில்லாமல் அடித்து அரைமணி நேரமாவது ஊற வை. இம்முறையில் புட்டிங் நன்றாக வருகிறது. எனவே அறிஞர்கள் இதைப் பிற்கால இடைச்செருகல் என்று ஒதுக்குகின்றனர்.

அப்பத்தா உயிரோடுதானே இருக்கிறார், அவரையே கேட்கலாமே என்று ஒரு மாணவர் வினவினார். ஊர் ஊராகப் போய் ஏடு தேடிய உ.வே.சா. இப்படிச் சுருக்குவழி தேடினாரா? எனினும் கேட்கப்பட்டது. “கோழி எத்தன போட்டுச்சோ அத்தன. நகருப்பா, எண்ணெய் காயுது” என்றார். தகவலாளி ஒத்துழைக்கவில்லை என்று குறித்துக்கொண்டோம்.

இயல் ஆறு: உயரம். பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி 2008-இல், நான்கு அங்குலத்துக்குக் குறைந்தது யார்க்‌ஷயர் புட்டிங்கே ஆகாது என்று அறிவித்தது. இது என் கற்பனை என்று நினைப்பவர்கள் வேதியியலாளர்களோடு பழகாதவர்கள். நான்கு அங்குலத்தை எங்கிருந்து அளப்பது என்பதில் பண்ணைக்காட்டில் இரு கட்சி உண்டு. விளிம்புக் கட்சி ஓரத்தின் உச்சியை அளக்கும். பள்ளக் கட்சி, நடுக்குழியில் நிற்கும் குழம்பின் மட்டத்தை அளக்கும். அடிஸ்கேல் வருவதற்குள் புட்டிங் அமுங்கிவிடுவதால், இரு கட்சிகளும் இன்றுவரை தோற்கவில்லை.

அடுப்பின் மேல் வைத்த பணியாரக் கல்லில் சூடு கீழிருந்து மட்டுமே ஏறும். ஆகவே அதில் வருவது மென்மையான குட்டைப் பணியாரம். உயரம் வேண்டுவோர் கைப்பிடி இல்லாத இரும்புக் கல்லாகப் பார்த்து, குழிக்குக் கொஞ்சம் கடலை எண்ணெய் விட்டு, 220 டிகிரி ஓவனுக்குள் புகையக் காயவைத்து, பாதிக் குழி மட்டும் மாவு ஊற்ற வேண்டும். இருபது நிமிடம் கதவைத் திறக்கக் கூடாது. இடையில் கரண்ட் போனால் அது அப்பத்தாவின் பிழை அன்று.

இயல் ஏழு: தொட்டுக்கொள்ள. யார்க்‌ஷயரில் இதைக் கிரேவியோடு முதலில் பரிமாறுவார்கள். வயிறு நிறைந்தால் கறி மிச்சமாகும். பண்ணைக்காட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு, அல்லது மலைப்பூண்டுச் சட்னி. பிந்தையதே மேல்.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். முட்டை எத்தனை என்று தெளிவாக எழுதிய பழைய குறிப்பு உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், தயவுசெய்து வெளியே எடுக்க வேண்டாம். அந்த ஓட்டையை நம்பி இன்னும் இரண்டு முனைவர் பட்டங்கள் காத்திருக்கின்றன.