மண்ணுக்கு மார்க் போட்ட மாராயன்

மண்ணியலின் தந்தை யார் என்று கேட்டால் ரஷ்யாவின் தொக்குச்சாயெவைக் கை காட்டுவார்கள். 1882 முதல் நீழ்னி நோவ்கொரத் மாகாணத்தில் ஊர் ஊராகக் குழி வெட்டி மண்ணைத் தரம் பிரித்தவர். அறிவுத் தாகம்தான், சந்தேகமில்லை. ஆனால் அவரை அழைத்தது மாகாண நிர்வாகம். எந்த நிலத்துக்கு எவ்வளவு வரி போடலாம் என்பது அவர்களுடைய தாகம்.

தஞ்சாவூர்க்காரனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1001-லேயே ராஜராஜன் நாட்டை அளக்க ஆள் விட்டாயிற்று. முன்னின்று நடத்திய சேனாபதி ராஜராஜ மாராயனுக்கு ‘உலகளந்தான்’ என்று பட்டம். அதற்கு முன் அந்தப் பெயர் பெருமாளுக்கு உரியது. அவர் மூன்றே அடியில் வேலையை முடித்துவிட்டார். மாராயனுக்கு வரப்பு வரப்பாக நடக்க வேண்டியிருந்தது.

பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படித்தால் கணக்குப்பிள்ளை மூச்சு வாங்குவது கேட்கும். ஊரின் மொத்த நிலம் இத்தனை வேலி. அதில் நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், கம்மாளச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு எல்லாம் கழிய, மிச்சத்துக்கு நெல்லை அள. சேரியையும் சுடுகாட்டையும் ஒரே மூச்சில் கழித்ததைச் சலுகை என்று எண்ணிவிட வேண்டாம். வயல் பெரும்பாலும் சேரிக்காரர்கள் பெயரில் இல்லை. சேற்றில் நின்ற கால்கள் மட்டும் அவர்களுடையவை.

அளவு எவ்வளவு பொடி என்கிறீர்கள்? ஒரு வேலியில் 52,428,800,000-ல் ஒரு பங்கு வரை கணக்கு இறங்குகிறது. முந்திரி என்றால் 320-ல் ஒன்று. அதில் 320-ல் ஒன்று கீழ்முந்திரி. அதற்கும் கீழே, அதற்கும் கீழே என்று போய்க்கொண்டே இருப்பார்கள். இன்றைய வேலிக்கு, அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்கு, வகுத்துப் பார்த்தால் அந்தப் பங்கு சுமார் அரைச் சதுர மில்லிமீட்டர். ஒரு நெல்மணியைக் கூடப் படுக்கவைக்க முடியாது. அளவுகோலின் நுனியே அதைவிடப் பருமன். ஆகவே இது வயலில் அளந்ததல்ல, ஓலையில் பெருக்கி வந்தது என்பது என் கட்சி. ஆனாலும் பின்னத்தைத் தள்ளுபடி செய்ய மனசு வரவில்லை பாருங்கள்!

விளைச்சலைப் பார்த்து நிலத்துக்குத் தரமும் உண்டு. முதல் தரம், இரண்டாம் தரம் என்று இறங்கிக்கொண்டே போய், எதிலும் சேராததற்குத் ‘தரமிலி’ என்று பெயர். பள்ளிக்கூடத்தில் அது அவமானம். சோழ நாட்டில் தரமிலி நிலம் வைத்திருந்தவன் நிம்மதியாகத் தூங்கியிருப்பான் என்று ஊகிக்கிறேன்.

1086-ல் குலோத்துங்கன் மறுபடி அளக்கச் சொன்னான். சுங்கம் தவிர்த்த சோழன்தான். சுங்கத்தைத் தவிர்த்தானே தவிர நிலத்தைத் தவிர்க்கவில்லை. அதே 1086-ல் இங்கிலாந்தில் வில்லியம் மன்னனும் நாட்டை ஏர் ஏராக, மாடு மாடாக எழுதவைத்துக் கொண்டிருந்தான். இருவரும் கடிதம் போட்டுக்கொள்ளவில்லை. கஜானா காலியானால் எல்லா ராஜாவுக்கும் ஒரே யோசனைதான் வரும்.

பிறகு 1808-ல் தஞ்சாவூருக்கு வந்தார் பிரிட்டிஷ் சர்வேயர் லாம்டன். பூமியின் வடிவத்தையே அளக்க வந்த மனுஷர். சீரங்கப்பட்டினம் போக வேண்டுமென்றால் பல்லக்குத் தூக்கியிடம் சொன்னால் போதாதா, இதற்கு ஒரு சர்வேயா என்று சென்னையில் கும்பினியின் நிதிக்காரர் ஒருவர் கேட்டாராம். டெல்டாவிலோ பேருக்கு ஒரு குன்று கிடையாது, எங்கு பார்த்தாலும் தென்னந்தோப்பு. ஆகவே கோணம் அளக்கும் அரை டன் தியோடலைட்டைத் தஞ்சாவூர்க் கோயில் கோபுரத்தில் கயிறு கட்டி ஏற்றினார். கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி வட்டம் நெளிந்தது. ஏற்கெனவே லண்டனிலிருந்து வரும் வழியில் கப்பலோடு பிரெஞ்சுக்காரரிடம் சிக்கி, அவர்கள் மரியாதையாகத் திருப்பி அனுப்பிய கருவி அது. எதிரி பத்திரமாகக் கொடுத்ததை நம் கயிறு கவிழ்த்தது. லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்து, பலகையில் சரியான வட்டம் வெட்டி, ஆப்பும் திருகும் வைத்து ஆறு வாரம் இழுத்து இழுத்து அதை நிமிர்த்தினார்.

இந்த வரிசையில் காலநிலைப் படம்தான் கடைசி. ஹாம்பர்க்கில் கடல் வானிலை நிலையத்தில் இருந்த கோப்பன், 1900-ல் மரம் செடி கொடிகளையே சாட்சியாக வைத்து உலகத்தை எழுத்துகளாகப் பிரித்தார். அவருக்குச் சம்பளம் கொடுத்தவர்களின் கவலை வயல் அல்ல, கப்பல். வெப்பமண்டலப் புல்வெளி நாடுகளில் வழக்கமாகக் குளிர்காலம் வறளும், அதற்கு ‘ஏ.டபிள்யூ’. நம் கடலோரமோ ஆடியில் காற்று வாங்கி, ஐப்பசி கார்த்திகையில் அடைமழை வாங்குகிறது. ஆகவே நமக்கு ‘ஏ.எஸ்’ என்று அபூர்வமான எழுத்து.

இன்றைக்கு வருவாய்த்துறையின் ‘அ’ பதிவேட்டைக் கைப்பேசியில் எடுத்தால், மண் வயனம், மண் தரம் என்று கட்டங்கள். கூடவே தீர்வைக்கும் ஒரு கட்டம். ஐப்பசி மழைக்குக் கட்டம் இல்லை. அதற்கு இன்னும் வரி போடவில்லை.