மேசைக்குப் பத்துப் பேர்: நிதிசேர் இராப்போசனம் குறித்த ஓர் ஆய்வு

தானத்தில் சிறந்தது அன்னதானம் என்பது முன்னோர் கொள்கை. அதன் தலைகீழ்ப் பிரயோகத்தைக் கனடாவின் ஸ்காபரோ விருந்து மண்டபங்களில் சனிக்கிழமை இரவுகளில் காணலாம்: இங்கே தானம் செய்பவரே சாப்பிடுகிறார். உணவு வங்கிக்கு நிதி சேர்ப்பதென்றால் விடயம் இன்னும் நுட்பமாகிறது. பசித்தவர் பெயரால், பசியில்லாதவர் கொத்துரொட்டி வரிசையில் இரண்டாம் தரம் நிற்கிறார்.

ரிக்கெற் எவ்வாறு விற்கப்படுகிறது? விற்கப்படுவதே இல்லை என்பது எமது முதற் கண்டுபிடிப்பு. "அண்ணை, உங்கட பேரில ஒரு மேசை போட்டிட்டன்" என்று தொலைபேசி வரும். இவ்வாக்கியத்தின் இலக்கணத்தைக் கவனிக்க: வினை முடிந்துவிட்டது, மறுக்க இடமில்லை. மேசைக்குப் பத்துக் கதிரை. அண்ணை ஒன்பது பேரைப் பிடிக்கவேண்டும். அவர்களில் நால்வர் வேறு நான்கு பழைய மாணவர் சங்கங்களின் பொருளாளர்கள். அவர்களுடைய இராப்போசனங்களுக்கு அண்ணை போயே தீரவேண்டும். ஆக, ஒரு ரிக்கெற்றின் அதே நூறு டொலர் வருடம் முழுக்க ஊர் சுற்றுகிறது. புதுக்கோட்டைப் பக்கத்து மொய் விருந்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான்: அங்கே கொப்பியில் எழுதி வைப்பார்கள், இங்கே மனதில்.

இத்துறையில் எமக்கு முன்னோடி கனடிய வருமான வரித் துறை. ரிக்கெற் 100 டொலர், அதே சாப்பாடு கடையில் 40 டொலர் என்றால், 60 டொலருக்கே நன்கொடைப் பற்றுச்சீட்டு. சாப்பாட்டின் பெறுமதி 80 வீதத்தைத் தாண்டினால் பொதுவாக அதைத் தானமாகவே கொள்வதில்லை. எனவே ஆட்டிறைச்சிக் கறியில் எலும்பு கூடக்கூடத் தானமும் கூடுகிறது என நிறுவலாம். சில அமைப்பாளர்கள் இதை வரி படிக்காமலே அறிந்திருக்கிறார்கள்.

ரிக்கெற்றுக்கு அப்பால் மண்டபத்தில் நிதி சேர்க்கும் வழிகள் குலுக்கல் சீட்டும் ஏலமும். குலுக்கல் சீட்டுக்கு அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டும். அதில் ஆராய ஒன்றுமில்லை. ஏலம் அப்படியல்ல. சாப்பாட்டுத் தட்டங்களின் மூடியைத் திறந்தபின் எந்த ஏலமும் எடுபட்டதாக நான் கண்டதில்லை. ஆகவே விளக்கேற்றல், அகவணக்கம், மூன்று நடனம், ஐந்து உரை, கையெழுத்திட்ட கிரிக்கெட் மட்டை எல்லாம் முடியும்வரை கறி பணயக்கைதி. பிள்ளைகள் இரண்டு கதிரையைச் சேர்த்துப்போட்டு நித்திரை.

அழைப்பிதழில் மாலை 6 மணி என்றிருக்கும். அதை நம்பிச் சரியாக 6 மணிக்கு வருபவர் ஒருவர் உண்டு: உணவு வங்கியின் பிரதிநிதி. முன்மேசையில் தண்ணீர்ப் போத்தலோடு தனியே இருந்து, 9 மணிக்குப் பொன்னாடை வாங்கி, அட்டையில் செய்த பெரிய காசோலையின் ஒரு மூலையைப் பிடிக்கிறார். மறு மூலைகளில் பதினான்கு கைகள். அன்றிரவு மண்டபத்தில் உண்மையாகவே பசித்திருந்தவர் அவர் ஒருவர்தான். படம் எடுத்து முடிந்ததும் ஓர் அக்கா கடதாசித் துவாயில் சுற்றிய றோல்ஸ் ஒன்றை அவர் கையில் வைத்தார்.